வெள்ளியும் ரூபாயும்

மலேசியத் தமிழர் இந்நாட்டு நாணயத்தை 'வெள்ளி' என்று வழங்குவர். 1975-ஆம் ஆண்டில் 'ரிங்கிட்' என்பது அதிகாரப்பூர்வப் பெயரான பின்னரும் இச்சொல் வழக்கிலிருந்து மறையவில்லை. 'ரூபாய்' என்னும் சொல்லும் வெள்ளியைக் குறிக்கும் 'ரூப்யம்' என்ற வடசொல்லின் வழிவந்ததே. 'ரிங்கிட்' என்பதோ பழைய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் பல்வெட்டிய விளிம்பைக் குறித்த மலாய்ச் சொல். மூன்று பெயர்களும் ஓர் உலோகத்தையே நினைவூட்டுகின்றன. ஆயினும், ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்பதை அவ்வுலோகம் நெடுங்காலம் முடிவு செய்யவில்லை. இலண்டனிலும் டில்லியிலும் பிறந்த ஆணைகளே முடிவு செய்தன. அவற்றின் பயனையும் பாரத்தையும் ஏற்றவர்களுள், கிள்ளான், மேரு வட்டாரங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோரும் அடங்குவர்.

1867-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்று பிரிந்து பிரிட்டிஷ் குடியேற்ற அமைச்சின் கீழ் வந்தன. ரூபாய் விலகி, வெள்ளி நாணயமே இங்கு நிலைபெற்றது. அக்காலத்தில் பெரிதும் புழங்கிய மெக்சிகோ நாணயத்தில் ஏறத்தாழ 24 கிராம் தூய வெள்ளி இருந்தது. இந்திய ரூபாயில் 10.7 கிராம் இருந்தது. ஆகவே எடைக்கு எடை கணக்கிட்டால் ஒரு வெள்ளி இரண்டேகால் ரூபாய்க்குச் சற்று மேல் பெறும்.

1893-இல் இந்திய அரசு தன் நாணயச் சாலைகளைப் பொதுமக்கள் கொணரும் வெள்ளிக்கு மூடியது. அதன்பின் ரூபாய், உலோக விலையினின்று விடுபட்டு, ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்ற அளவில் நிலைநிறுத்தப்பட்டது. மலாயா வெள்ளியோ உலோகத்தோடு சேர்ந்தே சரிந்தது. 1902-இல் அது இரண்டு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியபோது, ஒன்றரை ரூபாய்கூடப் பெறவில்லை. தொழிலாளி அதே வேலையைச் செய்து அதே கூலியைப் பெற்றாலும் அவன் ஊருக்கு அனுப்பிய தொகை தேய்ந்தது.

1906-இல் மலாயா வெள்ளியும் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸாக உறுதி செய்யப்பட்டது. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங் ஆதலின், வெள்ளிக்கு 28 பென்ஸ், ரூபாய்க்கு 16 பென்ஸ். அதாவது 4 வெள்ளிக்கு 7 ரூபாய். முதல் உலகப் போரின் இறுதியில் வெள்ளி உலோகத்தின் விலை ஏற, ரூபாயின் மதிப்பும் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 1919 டிசம்பரில் அதுவும் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸை எட்டியது. ஒரு வெள்ளிக்கு ஒரே ரூபாய் என்ற நிலை அன்று ஏற்பட்டது. ஆயினும் அது நீடிக்கவில்லை. 1927-இல் இந்தியச் சட்டம் ரூபாயை 18 பென்ஸாக நிலைநாட்டியது. இதனால் 9 வெள்ளிக்கு 14 ரூபாய் என்ற விகிதம் அமைந்தது.

இவ்விகிதத்தின் பொருளை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நாளொன்றுக்கு 50 காசு கூலி பெற்றவன் 36 வெள்ளி ஈட்ட 72 நாள் உழைக்க வேண்டும். அத்தொகை முழுவதையும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் இருந்த செட்டியார் கிட்டங்கி வழியாகவோ அஞ்சலக மணியார்டர் மூலமாகவோ அனுப்பினான் என்று கொள்வோம். பழைய விகிதப்படி 63 ரூபாய் கிடைக்கும். புதிய விகிதப்படி 56 ரூபாயே கிடைக்கும். ஏழு ரூபாய் குறைந்தது அவனுடைய பிழையால் அன்று. பின்னர், 1930-இல் பொருளாதார மந்தம் சூழ்ந்தபோது ஆணின் தினக்கூலி 40 காசாகக் குறைக்கப்பட்டது. விகிதம் மாறவில்லை, எனினும் அதே 56 ரூபாய்க்கு 90 நாள் உழைக்க வேண்டியதாயிற்று. விகிதம் தொழிலாளியின் கைக்கு எட்டாதது. கூலிக்காக மட்டுமே அவன் போராட முடிந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை இந்தப் பின்னணியிலும் நோக்குதல் தகும். அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

ஜப்பானியர் ஆட்சி, தாய்நாட்டுக்குப் பணம் செல்லும் வழியை அடைத்தது. அவர்கள் வெளியிட்ட 'வாழைமரத் தாள்கள்' 1945-இல் செல்லாக் காசாயின. போருக்குப் பின் மீண்டும் 9-க்கு 14 என்ற விகிதமே நிலவியது. 1949-இல் பிரிட்டிஷ் பவுன் மதிப்பிறங்கியபோது வெள்ளியும் ரூபாயும் உடன் இறங்கியமையால் அவற்றிடையே மாற்றமில்லை.

1966 ஜூன் 6-ஆம் நாள் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அமெரிக்க டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆயிற்று. நூறு வெள்ளி அனுப்பியவருக்கு அதுவரை சுமார் 156 ரூபாய் கிடைத்தது. இனி 245 ரூபாய். மறு ஆண்டே இங்கு வேறொரு நிகழ்ச்சி நேர்ந்தது. 1967 ஜூனில் பேங்க் நெகாரா புதிய வெள்ளியை வெளியிட்டது. நவம்பரில் பவுன் மீண்டும் இறங்கியபோது புதிய வெள்ளி அசையவில்லை. பழைய நோட்டின் ஒரு வெள்ளியோ 85 காசாகக் குறைந்தது. பழைய நோட்டுகளைப் பெட்டியில் சேமித்து வைத்திருந்த ஏழையரே இதனால் பெரிதும் வருந்தினர். பினாங்கில் கடையடைப்பும் கலவரமும் மூண்டன.

1998 முதல் 2005 வரை ஒரு டாலருக்கு 3.80 என ரிங்கிட் கட்டப்பட்டிருந்த காலத்தின் இறுதியில், ஒரு வெள்ளி 11 ரூபாய்க்குமேல் பெற்றது. ஒன்றரை ரூபாய் பதினொன்றானது கண்டு, பெறுபவர் ஏழு மடங்கு செல்வரானார் என்று முடிவு கட்டலாகாது. தமிழகத்தில் அரிசி விலையும் கூலியும் இடையில் எத்தனையோ மடங்கு ஏறிவிட்டன. பணத்தின் எண்ணிக்கை வேறு. அதன் வாங்கும் ஆற்றல் வேறு.

நம் பள்ளிகளில் நாணயமாற்றைப் பெருக்கல், வகுத்தல் பயிற்சியாகவே கற்பிக்கிறோம். 9 வெள்ளிக்கு 14 ரூபாய் எனில் 36 வெள்ளிக்கு எவ்வளவு என்று வினவும் ஆசிரியர், அந்த 36 வெள்ளிக்கு எத்தனை நாள் உழைப்பு என்றும் சேர்த்து வினவுவாராக. விடை காணும் மாணவன் கணக்கோடு தன் பாட்டனாரின் வரலாற்றையும் அறிந்துகொள்வான்.