சட்டைக் கழுத்தில் ஒரு வரலாறு



திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, நம்மிடம் பஞ்சு இருக்கிறது, நூல் மில் இருக்கிறது. பஞ்சே பெரிதாக விளையாத வங்கதேசத்துக்கு எப்படி இவ்வளவு ஆர்டர் போகிறது?" நல்ல கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

1974இல் பணக்கார நாடுகள் பல்லிழை ஒப்பந்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. தங்கள் நாட்டு ஆலைகளைக் காப்பாற்ற, எந்த ஏழை நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று கோட்டா போட்டார்கள். இந்தியாவுக்கும் உண்டு, தென்கொரியாவுக்கும் உண்டு. வேகமாக வளர்ந்துகொண்டிருந்த கொரியாவுக்குத்தான் அது பெரிய முட்டுக்கட்டை ஆயிற்று.

வாய்க்காலை ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் மறுபக்கம் உடைத்துக்கொண்டு ஓடும் அல்லவா? கொரியாவின் தேவூ நிறுவனம் கோட்டா இல்லாத நாட்டைத் தேடியது. விடுதலை பெற்று ஏழெட்டு ஆண்டுகளே ஆகியிருந்த வங்கதேசம் கண்ணில் பட்டது. அங்கே நூருல் காதர் கான் என்ற முன்னாள் அரசு அதிகாரி 'தேஷ் கார்மென்ட்ஸ்' தொடங்கியிருந்தார். இருவரும் கைகோத்தனர். 1979இல் 130 வங்கதேசத்தவர் கொரியாவின் பூசான் நகருக்குப் போய்த் தையல், வெட்டு, தரப் பரிசோதனை, மேற்பார்வை எல்லாம் கற்றுத் திரும்பினார்கள்.

1980இல் தேஷ் அனுப்பியது 43,000 சட்டைகள்தான். சில ஆண்டுகளில் அந்த 130 பேரில் 115 பேர் வெளியேறி, சொந்தமாகவோ வேறு முதலாளிகளோடு சேர்ந்தோ ஆடைத் தொழிலில் இறங்கினார்கள். தேஷுக்கு இழப்பு, நாட்டுக்கு வரவு. ஒரு வகுப்பறை ஒரு தொழிலையே பெற்றெடுத்தது. ஆசிரியனாக எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். 1985இல் அமெரிக்கா வங்கதேசத்துக்கும் கோட்டா போட்டது. ஆனால் அதற்குள் தொழில் வேர்விட்டுவிட்டது.

2001இல் ஐரோப்பிய ஒன்றியம், மிகவும் பின்தங்கிய நாடுகளின் பொருள்களுக்குச் சுங்க வரி கிடையாது என்றது. வங்கதேசச் சட்டைக்கு வரி இல்லை, திருப்பூர்ச் சட்டைக்கு வரி உண்டு. 2005 ஜனவரி 1இல் கோட்டா முறையே ஒழிந்தபோது, வங்கதேசம் இனி தாங்காது என்று பலர் கணித்தார்கள். நடந்தது நேர்மாறு. மாதத்துக்கு மாதம் புது மாடல் கேட்கும் அவசர ஃபேஷன் கடைகள் மலிவான, பெருமளவு உற்பத்தியைத் தேடி டாக்காவுக்கு வந்தன. ஆடை ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்த இடத்தை அந்நாடு பிடித்தது.

அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் யார்? 2013 ஏப்ரல் 23இல் டாக்காவை அடுத்த சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு அழைத்தார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். அப்போது அங்கே ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்கா.

அதன் பிறகுதான் பன்னாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. குறைந்தபட்சச் சம்பளமும் 5,300 டாக்கா ஆயிற்று. ஆயிரம் உயிர் போன பிறகு வந்த நியாயம் அது.

அதனால் வங்கதேசச் சட்டையை வாங்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேலை போனால் முதலில் பட்டினி கிடப்பவள் அந்தத் தையற்காரப் பெண்தான். கிராமத்திலிருந்து வந்து, முதன்முதலாகத் தன் கையில் சம்பளம் வாங்கியவள் அவள். நான் சொல்வது இவ்வளவுதான்: ஆர்டர் எந்த ஊருக்குப் போகும் என்பதைத் தொழிலாளியின் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. வரியும் கோட்டாவும், எங்கோ ஓர் அறையில் போடப்படும் கையெழுத்தும் முடிவு செய்கின்றன. திருப்பூரும் டாக்காவும் எதிரிகள் அல்ல. ஒரே கடைக்காரர் இரண்டு பேரிடமும் விலை கேட்கிறார், அவ்வளவுதான். விலையைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிட்டால், கடைசியில் குறைவது சுவரின் சிமென்டும் தொழிலாளியின் கூலியும்தான்.

இந்தத் தொழிலில் இருக்கும் என் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.