யாகிமொவ்

செக் குடியரசின் வடமேற்கு எல்லையில், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தை ஒட்டி நீளும் குருஷ்னே மலைத்தொடரின் தென்சரிவில் உள்ள சிற்றூர் யாகிமொவ். வெந்நீரூற்றுகளுக்குப் பெயர்பெற்ற கார்லோவி வாரி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், ஓடையொன்று அறுத்த இடுக்கான பள்ளத்தாக்கில் ஊர் அமைந்திருப்பதால், தாழ்வான பகுதியில் குளியல் விடுதிகளும், மேடேறிச் செல்லும் தெருவின் இருமருங்கிலும் பழைய நகரமுமாக அது நீண்டு கிடக்கிறது. மலைத்தொடரின் உச்சியான கிளீனொவெட்ஸ் சிகரம் (1,244 மீ.) அருகிலேயே உள்ளது. குளிரும் சரிவும் மிகுந்த இந்நிலத்தில் உழவு பெரிதாக எடுபடவில்லை. மக்களை இங்கு இழுத்து வந்தது நிலத்தடிக் கனிமமே.

1510-களில் இங்கு வெள்ளி கண்டறியப்பட, 1516-இல் ஸ்டீபன் ஷ்லிக் என்னும் பிரபு நகரை நிறுவினார். கன்னி மரியாளின் தந்தையான புனித சுவக்கினின் பெயரால் ஜெர்மானியர் இதனை யோவாகிம்ஸ்தால், அதாவது சுவக்கின் பள்ளத்தாக்கு, என்று அழைத்தனர். எல்லைக்கு அப்பால் அவருடைய மனைவி அன்னாளின் பெயரில் ஏற்கெனவே ஒரு வெள்ளி நகரம் இருந்தது. சாக்சனியிலிருந்து சுரங்கத் தொழிலாளர் திரண்டு வர, 1530-களில் ஏறத்தாழ 18,000 மக்களுடன், பொகீமிய நாட்டில் பிராக் நகருக்கு அடுத்த பெரிய நகராக இது விளங்கியதாக மதிப்பிடப்படுகிறது. ஒருபுறம் சுவக்கினின் உருவமும் மறுபுறம் பொகீமியச் சிங்கமும் பொறித்து ஷ்லிக் குடும்பத்தார் வெளியிட்ட கனத்த வெள்ளிக் காசு, ஊர்ப்பெயரின் பின்பாதியால் ‘தாலர்’ எனப்பட்டது. ‘டாலர்’ என்னும் பெயர் அதன் வழிவந்ததே. இலாபம் தரும் அக்கசாலையை அரசர் முதலாம் பெர்டினாண்டு 1528-இல் தம்வசம் எடுத்துக்கொண்டது வியப்புக்குரியதன்று.

1527 முதல் 1531 வரை இவ்வூரின் மருத்துவராக இருந்த கியோர்கியுஸ் அக்ரிகோலா, சுரங்கங்களில் இறங்கி நேரில் கண்டவற்றைக் கொண்டு எழுதத் தொடங்கினார். அவர் இறந்த மறு ஆண்டான 1556-இல் வெளிவந்த அவருடைய சுரங்கவியல் நூல், நீரிறைக்கும் பொறிகளை மட்டுமன்றித் தொழிலாளரை வாட்டிய நுரையீரல் நோய்களையும் விவரிக்கிறது. பின்னர் வெள்ளி அருகியது, கத்தோலிக்க மறுசீரமைப்பின்போது சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த தொழிலாளர் பலர் சாக்சனிக்குக் குடிபெயர்ந்தனர், ஊர் சுருங்கியது.

வெள்ளி தேடியோர் பயனற்றதென ஒதுக்கிய கருநிறமான கனத்த கல் ஒன்று ஊரை மீண்டும் பேசுபொருளாக்கியது. பிட்ச்பிளெண்ட் எனப்படும் இந்த யுரேனியத் தாதுவிலிருந்து, 19-ஆம் நூற்றாண்டில், கண்ணாடிக்கு மஞ்சளும் பச்சையும் ஏற்றும் சாயங்கள் இங்கேயே செய்யப்பட்டன. யுரேனியத்தைப் பிரித்தபின் எஞ்சிய கசடு ஆலையருகே ஊசியிலைக் காட்டில் கொட்டப்பட்டது. 1898-இல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்த மேரி கியூரி–பியேர் கியூரி இணையருக்கு, அப்போது இப்பகுதியை ஆண்ட ஆஸ்திரிய அரசு அனுப்பியது இக்கசடே. மூட்டைகளில் பழுப்பு மண்ணோடு ஊசியிலைச் சருகுகளும் கலந்திருந்தன. ஸ்வோர்னோஸ்த் சுரங்கத்தை 1864-இல் வெள்ளக்காடாக்கிய வெந்நீரில் கதிரியக்க வாயுவான ரேடான் இருப்பது பின்னர் தெரியவர, 1906-இல் ரொட்டி சுடுபவர் ஒருவரின் வீட்டில், சுமந்து கொண்டுவந்த சுரங்க நீரில் மூட்டுநோயாளரைக் குளிக்கவைக்கும் மருத்துவம் தொடங்கியது. ஆறே ஆண்டுகளில் ரேடியம் பேலஸ் என்னும் ஆடம்பர விடுதி எழுந்தது.

1938-இன் மியூனிக் உடன்பாட்டால் இவ்வட்டாரம் ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதும், போருக்குப்பின் ஜெர்மன் மொழியினரான குடிகளில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டதும் ஊரின் மக்கள்தொகையையே மாற்றின. அதனினும் கொடியது அடுத்து வந்தது. 1945 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியா செய்துகொண்ட உடன்படிக்கைப்படி யுரேனியம் சோவியத் ஒன்றியத்துக்குச் செல்ல, அதைத் தோண்ட முதலில் ஜெர்மன் போர்க்கைதிகளும், 1949-க்குப்பின் கம்யூனிஸ்டு அரசு தண்டித்த அரசியல் கைதிகளும் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1950-இல் தண்டனை பெற்ற தேசியப் பனி ஹாக்கி அணியின் வீரர் சிலரும் அவர்களுள் அடங்குவர். அருகிலுள்ள ஓஸ்த்ரொவ் நகர்ப்புறத்தில், கைதிகள் தாதுவை அரைத்துப் பீப்பாய்களில் அடைத்த செங்கல் கோபுரம் ‘சாவின் செங்கோபுரம்’ எனப் பெயர்பெற்றது. தூசியிலேயே நாள் முழுதும் நின்றவர்களுக்குப் பாதுகாப்பென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

யுரேனியம் தோண்டுவது 1964-இல் நின்றது. இன்று ஸ்வோர்னோஸ்த் சுரங்கம் குளியல் விடுதிகளுக்கு ரேடான் நீர் வழங்குவதற்காகவே இயங்குகிறது. பழைய அக்கசாலை அருங்காட்சியகமாகியுள்ளது. சுரங்கம், நகர்ப்பகுதி, செங்கோபுரம் ஆகியவை, எல்லையின் இருபுறமும் பரவிய சுரங்கத்தொழில் நிலப்பகுதியின் கூறுகளாக, 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.