முன்சக்கரத்துச் சத்தமும் மெட்ராஸ் பட்டறைகளும்

பழைய காரின் முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் போட்டால் இன்று பெரும்பாலான இடங்களில் நடப்பது ஒன்றுதான். லோயர் ஆர்ம் இரண்டு, லிங்க் இரண்டு, ஸ்ட்ரட் ஒரு ஜோடி, புஷ் ஒரு செட் என்று எஸ்டிமேட் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு போன வண்டி, அதே சத்தத்தோடு மறுவாரம் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு பிரேக் கேலிப்பர் போல்ட் தளர்ந்திருக்கும். இல்லை, டிக்கியில் ஜாக்கி சரியாக மாட்டாமல் கிடந்து ஆடிக்கொண்டிருக்கும்.

மெட்ராஸில் இந்தத் தொழில் இப்படி இருந்ததில்லை. சாமானை மாற்றுவதற்கு முன்னால் சத்தம் பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது இங்கே தனி வித்தையாக வளர்ந்தது. அது ஏன் இங்கே அப்படி வளர்ந்தது என்பதற்குக் காரணங்கள் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்துப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தவன் நான். எங்கள் மேஸ்திரியின் தகப்பனார் மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டிக்கு வில் கட்டியவர். அந்தப் பரம்பரையிலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும்.

சிம்சன் கம்பெனி 1840-ல் மெட்ராஸில் தொடங்கியபோது அதன் வேலை கோச்சு வண்டி கட்டுவது. 1903-ல் அங்கேயே சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். ஆக, இந்த ஊரில் மோட்டாரைத் தொட்ட முதல் கைகள் கொல்லர் கைகளும் தச்சர் கைகளும்தான். ஆரம்பகால கார்களின் முன் அச்சும் அவர்களுக்குப் புதிதல்ல. கோச்சு வண்டியிலும் வில்வண்டியிலும் பார்த்த அதே பட்டை வில், அதைத் தாங்கும் அதே ஷாக்கிள். பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் பள்ளத்தில் விழும்போது பட்டை ஒருமுறை இடிக்கும். அதைக் காதால் கேட்டே எந்தப் பக்கம், முன்னா பின்னா என்று சொல்லிவிடுவார்கள். வேலையும் சின்னது. பின்னைத் தட்டி எடுத்து, லேத்தில் வெண்கல புஷ் கடைந்து போட்டால் முடிந்தது.

காதுக்கு உண்மையான வேலை வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1953-ல் அரசு ஒரு முடிவெடுத்தது. இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாமல், வெளிநாட்டுச் சாமானை வைத்து வண்டி கோத்துக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போயின. அவர்கள் விற்ற வண்டிகள் மட்டும் சாலையில் மிச்சம் இருந்தன. அவற்றுக்குச் சாமான் கிடையாது. புது வண்டி வேண்டுமென்றால் புக் செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருக்கிற வண்டியை இருபது வருஷம், முப்பது வருஷம் ஓட்டியே ஆக வேண்டிய காலம் அது. ஒரு பால் ஜாயிண்ட்டுக்காகப் புதுப்பேட்டையில் பழைய வண்டி உடைக்கும் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும்போது, எது கெட்டது என்று தெரியாமல் எவனும் ஸ்பேனரை எடுக்க மாட்டான். சிக்கனத்தில் பிறந்த திறமை இது.

அடுத்த முப்பது வருஷம் எங்கள் உலகத்தில் மூன்று கார்கள். மூன்றுக்கும் மூன்று விதமான முன்பக்கம், மூன்று விதமான சத்தம்.

அம்பாசடர் 1957-ல் வந்தது, மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறு உருவம். அதன் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அலெக் இஸிகோனிஸ் 1948-ல் மாரிஸ் மைனருக்கு அமைத்த டார்ஷன் பார் வழியைப் பின்பற்றியது. கீழ் ஆர்மிலிருந்து பின்னோக்கி, தரைக்கு அடியில் நீளமாக ஓடும் ஒரு எஃகுக் கம்பி முறுக்கிக்கொண்டு வண்டியின் எடையைத் தாங்கும். அந்தக் கம்பி அனேகமாகச் சத்தமே போடாது. சத்தம் போடுவது, சக்கரம் திரும்புகிற இடத்தில் கிரீஸ் காணாமல் காய்ந்துபோன டிரனியன். முதலில் ஸ்டியரிங் கனக்கும், பிறகு மெல்லக் கிறீச்சிடும், அதன்பிறகே இடிக்கும். டாக்ஸிக்காரர்கள் வாரம் தவறாமல் கிரீஸ் கன் அடித்ததால்தான் அந்த வண்டிகள் லட்சக்கணக்கான மைல் ஓடின. பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட்டுக்குக் காயில் ஸ்பிரிங், மேலும் கீழும் ஆர்ம். லேசான வண்டி, லேசான சத்தம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அது நம் ஊர் வண்டி. 1961-லிருந்து 1971 வரை மெட்ராஸுக்குத் தெற்கே வண்டலூர் ஆலையில் செய்தார்கள். நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது, இங்கே மட்டும்தான். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். மைலாப்பூர் மாட வீதிகளில் அதை ஓட்டுவது அவ்வளவு சுகம். மெக்கானிக்குக்கு அதைவிடப் பெரிய சுகம் அதன் பானட். மட்கார்டோடு சேர்ந்து முழு முன்பக்கமும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். குழிக்குள் இறங்கவே வேண்டாம். டயர் மேலேயே உட்கார்ந்து, ஆர்ம், ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர் எல்லாம் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். என் தலைமுறையில் பலருக்கு முன்பக்க வேலை பழகியது அந்தத் திறந்த பானட்டின் முன்னால்தான்.

அந்த வண்டிக்கு ஒரு ஆபத்தும் இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் துண்டின் கீழ் முனையில் மரை வெட்டி, ஒரு பித்தளை டிரனியனுக்குள் இறக்கியிருப்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையிலேயே சக்கரம் திரும்பும். அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். பக்கத்துப் பிளக்கைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, மேலே ஆயில் கசிகிறவரை அடிக்க வேண்டும். கிரீஸ் அந்த மரைக்குள் சரியாக இறங்காது. தண்ணீர் உள்ளே போய்த் துருவைக் கிளப்பும். அம்பாசடரில் பழகிய கை ஹெரால்டுக்கும் கிரீஸ் கன்னையே தூக்கியது. சில வண்டிகளில் அந்த எஃகுத் துண்டு மரையின் இடத்தில் முறிந்து, மெதுவாகத் திரும்பும்போதே சக்கரம் உள்ளே மடிந்து உட்கார்ந்துவிடும். முறிவதற்கு முன்னால் அது பெரிய சத்தம் எதுவும் போடாது. திருப்பும்போது ஒரு இறுக்கம், நேராக்கும்போது ஒரு சின்ன ‘டிக்’. அவ்வளவுதான் எச்சரிக்கை. அதனால் எங்கள் மேஸ்திரி எந்த ஹெரால்டு வந்தாலும், கிளட்ச் வேலைக்கு வந்தாலும்கூட, முதலில் அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கிரீஸ் தெரிந்தால் வண்டியைப் பட்டறையை விட்டு வெளியே விட மாட்டார். “சார் கோவிச்சுக்குவார், பரவாயில்லே. பசங்க உக்கார்ற வண்டிடா இது” என்பார்.

அவர் சத்தம் தேடும் முறையை நெருக்கத்தில் சொல்கிறேன். முதலில் வண்டிச் சொந்தக்காரரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருவார். கண்ணாடியை இறக்கிவிட்டு, மதில் சுவர் இருக்கிற தெருவாகப் போகச் சொல்வார். சுவரில் பட்டுச் சத்தம் தெளிவாகத் திரும்பி வரும். சத்தம் வருகிற நேரம் பார்த்து பிரேக்கை லேசாக மிதிக்கச் சொல்வார். சத்தம் நின்றால் பிரேக் பாகத்தில் ஏதோ ஆடுகிறது, சஸ்பென்ஷனைக் குறை சொல்ல வேண்டாம். பட்டறைக்கு வந்ததும் ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி கிளாம்ப், சைலன்சர் ரப்பர் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஜாக்கி.

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். ஆட்டம் தெரிந்தால் என்னைப் பார்த்து, “டேய், பிரேக்கை மிதி” என்பார். நான் மிதித்ததும் மறுபடி ஆட்டுவார். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் இருந்தால் கிங்பின், டிரனியன், பால் ஜாயிண்ட் இவற்றில் ஒன்று. பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஹெரால்டு போல ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்த வண்டிக்கு ஜாக்கியை அந்த ஆர்முக்கு அடியில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஆட்டத்தை மறைத்துவிடும். இன்றும் நிறையப் பேர் தவறவிடும் இடம் இது. கடைசியாக, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையை ஒவ்வொரு இணைப்பாக ஊன்றுவார், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதைப் போல. இரும்பு சத்தத்தைக் கடத்தும். வலது பக்கம் கேட்பது இடது பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். அந்த முனையில் மட்டும் ஏமாற்று நடக்காது.

ரப்பர் புஷ் விஷயத்தில் அவர் காட்டிய கறார் தனி. கிறீச் சத்தத்துக்கு ஒவ்வொரு புஷ்ஷாகச் சோப்புத் தண்ணீர் தெளிப்பார். எதில் தெளித்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. எஞ்சின் ஆயிலோ டீசலோ ஊற்ற விட மாட்டார், ரப்பர் ஊதிப்போகும். புது புஷ் போட்டால் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குவது வண்டி நாலு காலில் தரையில் நின்ற பிறகுதான். தொங்குகிற ஆர்மில் முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துபோகும்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. எர்ல் மக்ஃபெர்சன் வடிவமைத்த ஸ்ட்ரட் முறை எங்கள் பட்டறைக்குள் நுழைந்தது அந்தச் சின்ன வண்டியோடுதான். கிரீஸ் நிப்பிள் ஒன்றுகூட இல்லாத முன்பக்கத்தைப் பார்த்து மேஸ்திரிகள் முதலில் திகைத்தார்கள். ஸ்டெபிலைசர் பார்தான் அதில் கீழ் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருந்தது. அதன் புஷ் தேய்ந்தால் பிரேக் போடும்போது ஒரு ‘டொக்’, விட்டதும் ஒரு ‘டொக்’. மேலே ஸ்ட்ரட் மவுண்ட் போனால் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று துள்ளும். ஸ்பிரிங்கில் கை வைத்தால் அந்தத் துள்ளல் விரலில் தெரியும். முழு ஒடிப்பில் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது கடகடத்தால் அது ட்ரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் வேலை, சஸ்பென்ஷனுடையது அல்ல. எங்கள் மேஸ்திரி இதையெல்லாம் எந்த வகுப்புக்கும் போகாமல் ஒவ்வொரு வண்டியாகக் கேட்டே கற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு சாமான் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேடிக் கண்டுபிடிக்கிற நேரத்துக்கு பில்லில் இடமில்லாமல் போய்விட்டது. மாற்றிய சாமானுக்குக் காசு உண்டு, கேட்ட காதுக்குக் கிடையாது. இந்த வித்தை இவ்வளவு வேகமாகக் கைவிட்டுப் போவதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். இன்று ஒரு பையன் அரை நாள் செலவழித்து, தளர்ந்த ஒற்றை நட்டைக் கண்டுபிடித்து இறுக்கிக் கொடுத்தால், “நட்டுக்கு இவ்வளவா?” என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அடுத்த முறை அவனும் செட்டோடு மாற்றிவிடத்தான் பார்ப்பான்.

உங்களிடம் பழைய கார் இருந்தால், முன்பக்கம் சத்தம் போட்டால், சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். சத்தம் வருகிற அதே தெருவுக்கு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் போங்கள். எதைக் கழற்றினாலும் தேய்மானத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். ஒரு சாமானும் மாற்றாமல் சத்தத்தை நிறுத்திக் கொடுத்தால், அந்த அரை நாளுக்கு முழுக் கூலி கொடுத்துவிட்டு வாருங்கள்.