செம்மரம்: 'புஷ்பா'வில் பார்த்த மரம் நவசேவா வரை வருவது எப்படி?

'புஷ்பா' பார்த்திருப்பீங்க. படத்தில் வெட்டிக் கடத்தும் செம்மரம், உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் காட்டு மரமாக வளர்கிறது: கடப்பா, சித்தூர், நெல்லூர் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள், அதையொட்டித் தமிழ்நாட்டில் கொஞ்சம்.

சந்தனத்தோடு குழப்பிக்காதீங்க, இதுக்கு வாசனை கிடையாது. மதிப்பெல்லாம் நடுவில் இருக்கும் சிவப்பு வைரத்துக்குத்தான். தண்ணியில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். அப்படி வைரம் பாய பல பத்தாண்டுகள் ஆகும். சீனாவில் பழைய அரண்மனை பாணி மரச்சாமான்களுக்கும், ஜப்பானில் ஷாமிசென் வாத்தியத்துக்கும் இதைத் தேடி வாங்குகிறார்கள்.

வாங்குபவர்கள் வெளிநாட்டில் இருப்பதால் சரக்கு துறைமுகத்துக்கு வந்தாகணும். செம்பூரிலிருந்து வாஷி பாலம் தாண்டிப் போனால் வரும் நவசேவாவில், வேறு சரக்கு என்று கணக்குக் காட்டிய கன்டெய்னர்களுக்குள் செம்மரக் கட்டைகளை வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் உயிர் போவது காட்டில். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தர்மபுரி மாதிரி மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போன தமிழர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்டர் என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். கன்டெய்னருக்குப் பணம் போட்டவர் யாரும் அந்த 20 பேரில் இல்லை. படம் இந்தப் பக்கத்தை அவ்வளவாகக் காட்டவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 முதல் செம்மரம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டு மரத்தை வெட்டி ஏற்றுமதி செய்ய முடியாது. பறிமுதல் செய்த கட்டைகளை அரசு ஏலம் விடலாம். தோட்டத்தில் வளர்த்ததை அனுமதியோடு அனுப்பலாம். ஐயுசிஎன் 2018இல் 'அச்சுறுத்தலை நெருங்கும்' இனம் என்று இறக்கியது. சில ஆண்டுகளிலேயே மறுபடி 'அழியும் ஆபத்தில்' சேர்த்துவிட்டது.

2023 நவம்பரில் சைட்டிஸ், செம்மர வணிகத்துக்காக இந்தியா மேல் வைத்திருந்த மறுஆய்வை விலக்கிக்கொண்டது. அதனால் தோட்ட மரத்துக்கு வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. சட்டப்படி கிடைக்கும் கட்டை அதிகமானால் காட்டின் மேல் அழுத்தம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் காட்டுக் கட்டையைத் தோட்டக் கட்டை என்று காகிதம் தயாரித்து அனுப்பும் வழியும் அதிலேயே இருக்கு.

ஊரில் பட்டா நிலம் இருந்தால் நீங்களும் வளர்க்கலாம், தடை இல்லை. நட்டதுமே விஏஓவிடம் சொல்லி அடங்கலில் பதிய வையுங்க. பிறகு வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை அனுமதி கேட்கும்போது, மரம் உங்க நிலத்தில் வளர்ந்ததுதான் என்று காட்ட அது உதவும்.