முறைப்பெயரும் தொண்டும்: கிறித்துவச் சிறார் விடுமுறை முகாம்களும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

முன்னுரை

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் முதலிய வட்டாரங்களில் உள்ள தமிழ்த் திருச்சபைகள் சிலவற்றில் சிறுவர் முகாம்கள் நடைபெறுவதை நம்மில் பலர் அறிவர். பாட்டு, கதை, கைவேலை, விளையாட்டு எனச் சில நாள் நீடிக்கும் இம்முகாம்களுக்கு ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்தும் மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் அழைத்து வரப்படுகின்றனர். இளைஞர் பலர் ஊதியமின்றி அங்குத் தொண்டாற்றுகின்றனர். இம்முகாம்களின் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதன்வழி எழும் ஒரு வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வினா நூல்களிலிருந்து நமக்குக் கிட்டியதன்று. பிரித்தானியாவில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், ஒரு கோடை விடுமுறையின்போது, ஊர்த் திருச்சபை ஒன்று நடத்திய சிறுவர் முகாமில் ஒரு வாரம் தொண்டாற்றினோம். பெற்றோரைப் பிரிந்து அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள் அங்கு வந்திருந்தனர். சமையற்கூடத்தில் உதவுவதும் மாலை விளையாட்டுகளைக் கவனித்துக்கொள்வதும் நமக்கு அளிக்கப்பெற்ற பணிகள். இறுதி நாளன்று எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அடுத்த ஆண்டும் வருவீர்களா எனக் கேட்டான். வருவோம் என்றோம். போகவில்லை. ஆய்வேட்டை முடிக்க வேண்டியிருந்தது. பின்னர் நாடு திரும்பிவிட்டோம்.

அச்சிறுவன் நம்மைப் பெயர் சொல்லியே அழைத்தான். கிள்ளானில் நடைபெறும் முகாமிலோ பிள்ளைகள் தொண்டர்களை ‘அக்கா’ என்றும் ‘அண்ணன்’ என்றும் அழைக்கின்றனர். தமிழ் இலக்கணம் இச்சொற்களை முறைப்பெயர் என்கிறது. தொல்காப்பியரும் விளிமரபில் முறைப்பெயர் விளியேற்கும் முறையைத் தனியே கூறுகிறார். ‘முறை’ என்னும் சொல் உறவைக் குறிப்பதோடு ஒருவர் செய்யக் கடமைப்பட்டதையும் குறிக்கும். ஆகவே, சில நாள் மட்டுமே உடனிருக்கப் போகும் ஒருவர் ‘அக்கா’ என்னும் பெயரை ஏற்கும்போது எதனை ஏற்றுக்கொள்கிறார் என்பதே நம் வினா.

விடுமுறை முகாமின் தோற்றம்

சிறார் விடுமுறை முகாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டுத் தொழில் நகரங்களில் தோன்றியது. 1876இல் சூரிச் நகரப் போதகர் வால்ட்டர் பியோன், நெரிசலான தெருக்களில் வாழ்ந்த 68 ஏழைப் பிள்ளைகளை அப்பென்செல் மலைப்பகுதிக்கு அழைத்துச் சென்றார். நல்ல காற்றும் பாலும் உணவும் அவர்களுடைய உடல்நலத்தைத் தேற்றும் என்பது அவரது நம்பிக்கை. மறு ஆண்டில், அதாவது 1877இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஷெர்மன் என்னும் சிற்றூரில் போதகராக இருந்த வில்லர்டு பார்சன்ஸ், நியூயார்க்கு நகரத்துப் பிள்ளைகளைத் தம் ஊர்க் குடும்பங்களின் வீடுகளில் விருந்தினராகத் தங்கவைத்தார்.

இவற்றுக்குச் சற்று முன்னர் வேறொரு போக்கும் தோன்றியிருந்தது. 1867இல் இலண்டனில் யோசையா ஸ்பையர்ஸ் சிறுவர்க்கெனத் தனி வழிபாட்டுக் கூட்டங்களைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் வேல்சு நாட்டு லாண்டுட்னோ கடற்கரையில் மணலில் இறைமொழியை எழுதி, அதனைக் கற்களாலும் சிப்பிகளாலும் பிள்ளைகளைக்கொண்டு அணிசெய்வித்தார். நியூயார்க்கு நகரில் 1898இல் எலைசா ஹாசும் 1901 முதல் இராபர்ட்டு போவில்லும் நடத்திய விடுமுறை வேதாகமப் பள்ளி இப்போக்கின் வளர்ச்சியே எனலாம். இன்று தமிழகத்திலும் மலேசியாவிலும் தமிழ்த் திருச்சபைகள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளிகள் இம்மரபைச் சார்ந்தவை.

ஆக, உடல்நலம் நாடிய போக்கொன்றும் சமயக் கல்வி நாடிய போக்கொன்றும் இணைந்தே இன்றைய முகாம் உருப்பெற்றது. இவ்விரண்டிற்கும் பொதுவான ஓர் அடிப்படை உண்டு. முகாம் முடிந்ததும் பிள்ளை திரும்பிச் செல்ல ஒரு வீடும், எதிர்கொள்ளத் தாய் தந்தையரும் இருப்பர் என்பதே அது. சூரிச் நகரத்துப் பிள்ளைக்கு முகாம் என்பது வீட்டிலிருந்து கிடைத்த ஓய்வு. பெற்றோரற்ற பிள்ளைக்கோ அதே முகாம் வேறு பொருள் தருகிறது. பிறர்க்கு இயல்பாக உள்ள ஒன்றைச் சில நாள் சுவைத்துவிட்டு மீண்டும் இழப்பதாக அது அமைந்துவிடக்கூடும். முகாம் என்னும் வடிவத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

தமிழ் மண்ணில் ஓர் எடுத்துக்காட்டு

தமிழ்ச் சூழலில் வெளிநாட்டுக் கிறித்துவர் பிள்ளைகளைப் பேணிய வரலாறு முகாமிலிருந்து தொடங்கவில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, செருமனியின் ஆலே நகரில் பிராங்கே நிறுவிய அநாதை இல்லத்தை நன்கறிந்தவர். அவரும் அவருடைய உடன்பணியாளரும் தரங்கம்பாடியில் பிள்ளைகளைத் தங்கவைத்துக் கல்வி புகட்டினர். இத்தமிழ் லுத்தரன் மரபு பின்னாளில் புலம்பெயர்ந்த தமிழரோடு மலாயாவுக்கும் வந்தது. பிரிக்பீல்ட்சில் உள்ள சீயோன் லுத்தரன் தேவாலயம் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது.

நம் வினாவிற்கு மிக நெருக்கமான வரலாறு திருநெல்வேலிச் சீமையின் டோனாவூர் ஆகும். அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்து, பின்னர்த் திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றினார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன்பின் அவரைச் சுற்றி உருவான இல்லமே டோனாவூர் ஐக்கியம். 1951இல் இறக்கும்வரை அவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை.

டோனாவூரில் பயன்பட்ட உறவுப் பெயர்கள் நம் கவனத்திற்குரியன. அங்குப் பணியாற்றிய தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’ எனப்பட்டனர். வெளிநாட்டுப் பெண்கள் ‘சித்தி’ எனவும், ஆண்கள் ‘அண்ணாச்சி’ எனவும் அழைக்கப்பட்டனர். ‘அண்ணாச்சி’ நெல்லை மக்களின் நாவில் வழங்கும் சொல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அயலார் ஒருவர் தமிழ்க் குடும்பத்தின் முறைப்பெயரை ஏற்று, அதற்குரிய காலத்தையும் கொடுத்தார் என்பதே இங்கு நோக்கத்தக்கது. கார்மைக்கேலின் கல்லறையில் பெயர் பொறித்த கல் வேண்டாம் என அவர் விரும்பியதால், பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்று வைக்கப்பட்டு, அதில் தாயைக் குறிக்கும் ஒரு சொல் மட்டுமே பொறிக்கப்பட்டது.

எனினும், இதனை மாசற்ற வரலாறாகக் கொள்ளவும் இயலாது. கோயில் மரபுகள் குறித்தும் இந்து சமயம் குறித்தும் அவர் எழுதியவை ஒரு சமயப் பரப்பாளரின் பார்வையில் அமைந்தவை. பிள்ளைகளின் பழைய உறவுகளும் பிறந்த குடும்பத்தின் சமயமும் அவ்வில்லத்தில் தொடரவில்லை. ஒரு முறைப்பெயரைப் பெறப் பிள்ளை பிற முறைப்பெயர்களை இழக்க நேர்ந்தது என்பதையும் வரலாற்று மாணவர் எழுதியாக வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பிள்ளைகள்

மலாயாவில் ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணியவர்களுள் கத்தோலிக்கக் கன்னியர் முன்னோடிகளாவர். குழந்தை இயேசு சபைக் கன்னியர் 1852இல் பினாங்கிற்கும் 1854இல் சிங்கப்பூருக்கும் வந்தனர். 1899இல் கோலாலம்பூர் புக்கிட் நானாசில் அவர்களுடைய கான்வென்ட் தொடங்கப்பெற்றது. பள்ளியோடு அநாதைப் பிள்ளைகளை வளர்த்தலும் அவர்களது பணியாக இருந்தது.

கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் நிலை வேறு. தாயும் தந்தையும் விடியுமுன் பால்வெட்டச் செல்ல, பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டனர். அவர்களைப் பார்த்துக்கொண்ட மூதாட்டியைப் பிள்ளைகள் ‘ஆயா’ என்றனர். ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அந்த ஏற்பாடு வசதியற்றது. ஆயினும் லயத்தில் வாழ்ந்தோர் அனைவரும் ஒருவரையொருவர் முறை சொல்லி அழைத்தனர். தாயை இழந்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சோறிடுவது அங்கு வியப்புக்குரிய செயலன்று.

இக்கட்டமைப்பு இருமுறை சிதைந்தது. முதலாவது, சப்பானியர் ஆட்சியில் 1942-43இல் கட்டப்பட்ட சயாம்-பர்மா இரயில்பாதை. அதற்கெனக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் மலாயாத் தமிழர் திரும்பவில்லை. தோட்டங்களில் கைம்பெண்டிரும் தந்தையற்ற பிள்ளைகளும் எஞ்சினர். இரண்டாவது, 1970களின் பிற்பகுதி தொடங்கி அடுத்த இரு பத்தாண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாற்றப்பட்டமை. லயம் கலைந்தபோது வீடு மட்டும் போகவில்லை; முறை சொல்லி அழைக்கும் அண்டை வீட்டாரும் போயினர். இன்றைய ஆதரவற்றோர் இல்லங்களில் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிருடன் இருக்கின்றனர். வறுமை, நோய், சிறைவாசம், குடும்பப் பிளவு ஆகியவற்றால் அவர்கள் இல்லத்திற்கு வந்து சேர்கின்றனர். ‘அநாதை’ என்னும் பழைய சொல் அவர்களுக்குப் பொருந்தாது.

போருக்குப் பின் இப்பகுதியில் எழுந்த தொண்டு கிறித்துவத்திற்கு மட்டும் உரியதன்று. 1949இல் சுவாமி சத்தியானந்தர் நிறுவிய சுத்த சமாஜம் பூச்சோங் சாலையில் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தது. சிங்கப்பூரில் 1926இல் பிறந்து அங்கிருந்து வந்த மங்களம் அம்மையார், 2023இல் தமது 97ஆம் வயதில் மறையும்வரை அப்பணியிலேயே வாழ்ந்தார். நாடு அவரை ‘அன்னை மங்களம்’ என்றே அறியும். டோனாவூரும் சுத்த சமாஜமும் சமயத்தால் வேறுபட்டவை. எனினும் இரண்டிலும் முறைப்பெயர் நிலைத்தமைக்குக் காரணம் ஒன்றே: அப்பெயரை ஏற்றவர் அங்கேயே இருந்தார்.

சட்டமும் சமயமும்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12(4)ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவுசெய்வர் எனக் கூறுகிறது. முகாமுக்கு வரும் பிள்ளைகளுள் பலர் இந்துக்கள். ஞாயிறுதோறும் திருச்சபைக்குச் செல்லும் குடும்பத்துப் பிள்ளைக்கு வேதாகமக் கதை வீட்டில் கேட்டதன் தொடர்ச்சி. இல்லத்துப் பிள்ளைக்கோ அது அன்போடும் உணவோடும் பரிசோடும் சேர்ந்து வருகிறது. ஆகவே மறுக்கும் உரிமை அதற்கு உண்மையில் உண்டா என நடத்துவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் தகும். சமய நோக்கமற்ற முகாம்களும், இந்து சமய முகாம்களும் இதே கேள்விக்கு உட்பட்டவையே.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டமும் 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டமும் தொண்டர்களைத் தெரிவுசெய்வதில் விழிப்பு வேண்டும் என்பதை உணர்த்துகின்றன. உலக அளவில், உலகச் சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பவுல்பி 1951இல் எழுதிய அறிக்கை, நிலையான ஒருவரின் அன்பு குழந்தைக்கு இன்றியமையாதது என வலியுறுத்தியது. 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய சிறார் உரிமைத் தீர்மானமும் இல்லங்களில் நிகழும் குறுகியகாலத் தன்னார்வத் தொண்டினால் விளையும் தீங்குகளைக் கருத்திற்கொண்டது. தொண்டரின் நல்லெண்ணம் மட்டுமே போதுமானதன்று என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும்.

ஒரு குறிப்பேடு

மிஷன் வரலாற்றை ஆராய்வோர்க்குக் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை அனைத்தும் கொடுத்தவரின் எழுத்துகள். பெற்ற பிள்ளையின் எழுத்து அரிது. அத்தகையதொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் காண நேர்ந்தது.

நம் மாணவர்கள் தொண்டாற்றிய விடுமுறை முகாமொன்றிற்குச் சென்றிருந்தபோது, பதினொரு வயதுச் சிறுமி தன் பள்ளிக் குறிப்பேட்டைக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயருடனும் ‘அக்கா’ என்னும் சொல்லும், எதிரே ஆண்டும் இருந்தன. பத்தொன்பது பெயர்கள். முதற்பெயர்கள் எழுதப் பழகும் கையெழுத்தில் கோணலாக இருந்தன. கடைசிப் பெயர்கள் தெளிவாக இருந்தன. எதற்காக எழுதி வைத்திருக்கிறாய் என வினவினோம். “மறந்திடக்கூடாதுன்னுதான்” என்றாள்.

அவற்றுள் இரு பெயர்கள் நம் துறையின் முன்னாள் மாணவியருடையவை. அவர்களுள் ஒருவரைப் பின்னர்ச் சந்தித்தபோது இதனைக் கூறினோம். எந்தப் பிள்ளை எனத் தமக்கு நினைவில்லை என்று அவர் வருந்தினார். அவரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. பிரித்தானிய முகாமில் நம்மிடம் வினவிய சிறுவனின் பெயரும் இன்று நம் நினைவில் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், முகாம்கள் வேண்டா என்னும் முடிவுக்கு நாம் வரவில்லை. கடலைக் காணாத பிள்ளை கடலைக் காண்பதும், ஒரு வாரம் அச்சமின்றி ஓடியாடுவதும் சிறிய பேறல்ல. ஆனால் அவ்வாரம் ஒரு தொடர்ச்சியின் பகுதியாக அமைய வேண்டும். ஆண்டுதோறும் புதியவர் இருபதின்மர் செல்வதைக்காட்டிலும், ஒரே நால்வர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து செல்வது பிள்ளைக்குப் பயன் தரும். வர இயலாதவர் வருவேன் எனக் கூறாதிருத்தல் வேண்டும். பிள்ளைக்கு உயிருடன் உள்ள உறவினர் இருப்பின், அவரோடு தொடர்பு அறாமல் காப்பதும் தொண்டேயாகும்.

தமிழாசிரியர்கள் வகுப்பில் முறைப்பெயர்களைக் கற்பிக்கும்போது அவற்றைச் சொற்பட்டியலாக மட்டும் கற்பித்துவிடுகிறோம். எந்தச் சொல்லை ஏற்றால் எந்தக் கடமை உடன்வரும் என்பதையும் சேர்த்துக் கற்பிக்கலாம். நம் துறை மாணவர்கள் அடுத்த முகாமிற்குப் புறப்படுமுன் அச்சிறுமியின் குறிப்பேட்டைப் பற்றி அவர்களிடம் கூறுவதென முடிவுசெய்துள்ளோம். இருபதாவது பெயராகத் தம் பெயரை எழுத இடங்கொடுப்பதா என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.