மரப் பொய்மீனுக்கு ஏர்பிரஷ் வண்ணம்

விரால், கொடுவா போன்ற வேட்டை மீன்களைப் பிடிக்கத் தூண்டிலில் கட்டும் மரமீனுக்கு, அழுத்தக் காற்றால் வண்ணம் தெளிக்கும் கைவினை. பின்லாந்தின் லௌரி ரப்பாலா 1936இல் தக்கையில் செதுக்கி, சாக்லேட் தாள் சுற்றி, உருக்கிய புகைப்படச் சுருளைப் பூசிச் செய்த மீன் இவ்வகைக்கு முன்னோடிகளுள் ஒன்று.

மரத்துக்குள் நீர் புகுந்தால் உப்பி வண்ணம் வெடிக்கும். ஆகவே நுண்துளைகளை அடைப்பதே முதல் வேலை. வெள்ளை அடிப்பூச்சு காய்ந்ததும் வலைத்துணியை இறுக்கிச் சுற்றி மேலே தெளித்தால், பிரிக்கும்போது செதில்கள் தெரியும். இக்கலையின் அழகே அதுதான். முதுகு கருமையாகவும் வயிறு வெளிறியும் இருக்க வேண்டும். எண்ணூர் முகத்துவாரக் கொடுவாவுக்கு வெள்ளிநிறமும், புழல் வட்டார ஏரி விராலுக்குத் தவளைப் பச்சையும் பொருந்தும். கடைசியில் எபாக்சி பிசின் பூசி, வழியாதபடி மெல்லச் சுழற்றி உலர்த்துவர். தெளிக்கும் துகள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமின்றி ஏர்பிரஷைத் தொடவே கூடாது.