இருக்கையும் கைப்பிடியும்: பிலடெல்பியா மாநகர டிராம் வண்டிகள் தரும் பாடம்

அண்ணல் அம்பேத்கர் சிறுவராக இருந்தபோது, 1901ஆம் ஆண்டளவில், தம் தமையனாருடனும் தமக்கையின் பிள்ளைகளுடனும் சதாராவிலிருந்து கோரேகாவ் என்னும் ஊருக்குப் புறப்பட்டார். அங்கே அலுவல் பார்த்து வந்த தந்தையாரைக் காண்பதே பயணத்தின் நோக்கம். மசூர் இரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவர்களை அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. அவர்கள் மகர் சாதியினர் என அறிந்ததும் வண்டிக்காரர்கள் ஒருவரும் ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. இறுதியில் ஒருவன் ஒப்புக்கொண்டான். இரட்டிப்பு வாடகை தர வேண்டும். வண்டியைச் சிறுவர்களே ஓட்டிக்கொள்ள வேண்டும். தான் உடன் நடந்து வருவான். இதுவே அவன் விதித்த நிபந்தனை.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1929ஆம் ஆண்டில், வெளிநாடுகளில் உயர்கல்வி கற்றுப் பட்டங்கள் பெற்ற வழக்கறிஞராய் அண்ணல் சாலிஸ்காவ் என்னும் ஊரில் இறங்கினார். அப்போதும் குதிரை வண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றி ஓட்ட இசையவில்லை. அவ்வூர் மகர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்று, ஓட்டிப் பழக்கமில்லாத தம்மவர் ஒருவரைக் கொண்டு ஓட்டச் செய்தனர். வழியில் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. அண்ணல் கல் தளத்தில் வீசி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் எண்ணிப் பார்க்கும்போது நமக்கு ஓர் உண்மை புலனாகின்றது. வண்டியில் ஏறி அமரும் உரிமை ஒன்று. வண்டியை ஓட்டும் தொழிலைக் கற்று, அதனால் வாழும் உரிமை மற்றொன்று. இரண்டாவது உரிமை மறுக்கப்பட்டிருந்தமையால், முதல் உரிமையைத் தேடியவர் உயிருக்கே ஊறு நேர இருந்தது. இவ்விரண்டையும் அடைய ஓர் ஒடுக்கப்பட்ட மக்கள் எத்தனை காலம் போராட நேர்ந்தது என்பதை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிலடெல்பியா மாநகர் தெளிவாகக் காட்டுகின்றது. நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றை நம் இளைஞர்களின் முன் வைக்க விழைகின்றோம்.

குதிரைகள் இழுத்த காலம்

அமெரிக்க விடுதலைப் பிரகடனம் 1776ஆம் ஆண்டில் நிறைவேறிய நகரம் பிலடெல்பியா. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என உலகிற்கு அறிவித்த அந்நகரில், 1858ஆம் ஆண்டில் தண்டவாளத்தின்மீது குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் பல தனியார் நிறுவனங்கள் தெருக்களைப் பங்கிட்டுக்கொண்டு வண்டிகளை விட்டன. அவற்றுள் பெரும்பாலானவை கறுப்பின மக்களை ஏற்றவே மறுத்தன. ஏனையவை, வண்டிக்குள் இடம் தராமல், முன்புறத்தில் ஓட்டுநர் நிற்கும் மேடையில் மழையிலும் வெயிலிலும் நின்று வரச் செய்தன.

உள்நாட்டுப் போர் மூண்டபோது இக்கொடுமை மேலும் வெளிப்படையாயிற்று. நகருக்கு அண்மையில் 1863ஆம் ஆண்டில் அமைந்த வில்லியம் பென் முகாமில் கறுப்பினப் போர்வீரர் ஆயிரக்கணக்கில் பயிற்சி பெற்றனர். நாட்டைக் காக்க உயிர் தர முன்வந்த அவர்களைக் காணச் சென்ற தாய்மாருக்கும் மனைவியருக்கும் டிராம் வண்டியில் இடமில்லை. 1864ஆம் ஆண்டில் நோயுற்ற தம் குழந்தையுடன் வந்த சமயகுரு ஒருவரையும் நடத்துநர் ஏற்ற மறுத்தார்.

இவ்வநீதியை எதிர்த்து வில்லியம் ஸ்டில் என்பவர் 1859ஆம் ஆண்டிலேயே செய்தித்தாளில் எழுதினார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த நூற்றுக்கணக்கானோருக்குப் புகலிடம் தேடித் தந்த பெருமகன் அவர். மனுக்கள் அளிக்கப்பட்டன, கூட்டங்கள் நடந்தன. நிறுவனங்களோ 1865ஆம் ஆண்டில் பயணிகளிடையே ஒரு வாக்கெடுப்பை நடத்தின. கறுப்பினத்தாரை ஏற்றலாமா என ஏறி அமர்ந்திருந்த வெள்ளையரிடமே கேட்டனர். ‘கூடாது’ என்பதே பெரும்பான்மையோர் தந்த விடை. ஒருவரின் பிறப்புரிமையை மற்றவரின் வாக்குக்கு விட்டால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாண்டு மே மாதத்தில் கறுப்பின இளைஞர் ஒருவர் வண்டிக்குள் ஏறி அமர்ந்து, இறங்க மறுத்துவிட்டார். அவரைத் தொட்டு வெளியேற்றினால் வழக்கு வரும் என அஞ்சிய நடத்துநர், வண்டியைத் தண்டவாளத்திலிருந்து இறக்கி, குதிரைகளையும் அவிழ்த்துக்கொண்டு சென்றார். ஒரு மனிதரை அமர விடுவதைவிட வண்டியையே ஓடாமல் நிறுத்துவது மேல் எனக் கருதும் மனம் அது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அம்மனம் அந்நகரில் மாறாதிருந்ததைப் பின்னே காண்போம்.

ஓர் ஆசிரியையின் துணிவு

இப்போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் ஆக்டேவியஸ் கேட்டோ என்னும் ஆசிரியர். கறுப்பின இளைஞர்களுக்கென நடைபெற்ற கல்விக்கூடத்தில் பயின்று, அங்கேயே ஆசிரியப் பணி ஏற்றவர். அவரும் அவருடைய தோழர்களும் சட்டமன்ற உறுப்பினர்களை இடைவிடாது அணுகியதன் பயனாக, டிராம் வண்டிகளில் நிறவேற்றுமை காட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1867ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் நிறைவேறிற்று.

சட்டம் வந்த மூன்றாம் நாள் கரோலின் லெகவுண்ட் என்னும் இளம் ஆசிரியை வண்டியை நிறுத்தக் கைகாட்டினார். நடத்துநர் இழிசொல் கூறி வண்டியை நிறுத்தாது சென்றார். ஆசிரியை நீதிபதியிடம் முறையிட்டார். அப்படியொரு சட்டம் வந்ததற்குச் சான்றில்லை என்றார் நீதிபதி. ஆசிரியை மனம் தளரவில்லை. அரசு அலுவலரிடம் சென்று சட்டத்தின் சான்றுபெற்ற படியை வாங்கி வந்து நீதிபதியின் முன் வைத்தார். நடத்துநர் கைது செய்யப்பட்டார். நூறு டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதன்பின் நிறுவனங்கள் பணிந்தன.

சட்டத்தை இயற்றச் செய்வது பாதி வேலை. அச்சட்டத்தைக் கையில் ஏந்திச் சென்று நடைமுறைப்படுத்துவது மறு பாதி. எழுத்தறிவு பெற்ற ஒரு பெண்மணி அம்மறு பாதியைச் செய்து முடித்தார். ஆனால் இவ்வெற்றிக்கு விலை கொடுக்காமலும் இல்லை. 1871ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், தேர்தல் நடைபெற்ற அன்று, கேட்டோ நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 32. சுட்டவன் பின்னர் பிடிபட்டு வழக்கு நடந்தும் விடுதலையானான். 2017ஆம் ஆண்டில்தான் பிலடெல்பியா நகர மன்றக் கட்டடத்தின் அருகே கேட்டோவுக்குச் சிலை எழுந்தது.

வண்டிகளை ஓடச் செய்தவர் யார்?

காலம் மாறிற்று. குதிரைகள் மறைந்தன, மின்சார டிராம் வண்டிகள் வந்தன. சென்னை மாநகரிலும் 1895 முதல் 1953 வரை அத்தகைய வண்டிகள் ஓடின. இன்றைய நம் இளைஞர்கள் அவற்றைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. பிலடெல்பியாவில் டிராம், பேருந்து, சுரங்க இரயில் ஆகிய அனைத்தையும் 1940ஆம் ஆண்டு முதல் பிலடெல்பியா போக்குவரத்து நிறுவனம் என்னும் ஒரே தனியார் நிறுவனம் நடத்தி வந்தது. அந்நகரின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 19 இலட்சம். நிறுவனத்தின் ஊழியர் சுமார் 11,000 பேர்.

ஒரு பெருநகரில் வண்டிகள் குறித்த நேரத்தில் ஓட வேண்டுமாயின் பலருடைய உழைப்பு ஒன்றுசேர வேண்டும். இரவு வேளையில் தண்டவாளம் செப்பனிட வேண்டும். பணிமனைகளில் வண்டிகளைக் கழுவித் துடைக்க வேண்டும். சக்கரங்களையும் தடைக்கட்டைகளையும் பார்க்க வேண்டும். விடியுமுன் ஓட்டுநரும் நடத்துநரும் வந்து தமக்குரிய தடத்தில் வண்டியை எடுக்க வேண்டும். இவற்றுள் தண்டவாள வேலையிலும் துப்புரவிலும் கடைநிலைப் பணிகளிலும் கறுப்பினத்தார் சில நூறு பேர் இருந்தனர். ஓட்டுநர் மேடையின் விசைக் கைப்பிடியில் மட்டும் அவர்கள் கை பட இடமில்லை. 1867ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கு இருக்கை தந்தது, கைப்பிடியைத் தரவில்லை. வண்டியைக் கழுவலாம், அது ஓடும் பாதையைச் செப்பனிடலாம், கட்டணம் கொடுத்து ஏறவும் செய்யலாம். ஓட்டுதல் மட்டும் ஆகாது என்றனர். கோயிலைக் கட்ட நம் உழைப்பைக் கொண்டு, கட்டி முடித்தபின் கதவடைத்த கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

‘வழக்கம்’ என்னும் வேலி

1941ஆம் ஆண்டில் கறுப்பின ஊழியர்கள் பதவி உயர்வு கேட்டனர். நிறுவனம் தொழிற்சங்கத்தைக் காட்டிற்று. சங்கம் நிறுவனத்தைக் காட்டிற்று. இருவர்க்கும் இடையிலான ஒப்பந்தத்தில், நடைமுறையிலுள்ள விதிகளும் வழக்கங்களும் இருதரப்பும் இசைந்து மாற்றும்வரை தொடரும் என்றொரு வாசகம் இருந்தது. கறுப்பினத்தாரை ஓட்டுநராக்காமை ஒரு வழக்கமாம். ஆகவே அதை மாற்ற இயலாதாம்! எழுதப்பட்ட சட்டம் எதுவும் தடுக்காத இடத்தில் ‘வழக்கம்’ என்னும் ஒரு சொல் வேலியாக நின்றது. நம் நாட்டில் ‘மாமூல்’ என்னும் சொல்லால் அடைக்கப்பட்ட கதவுகள் எத்தனை என்பதை நம் முதியோரைக் கேட்டால் சொல்வர்.

அதே ஆண்டில் ஃபிலிப் ராண்டால்ஃப் என்னும் தொழிற்சங்கத் தலைவர், கறுப்பின மக்களைத் திரட்டித் தலைநகர் வாஷிங்டனில் பேரணி நடத்தப் போவதாக அறிவித்திருந்தார். அதன் விளைவாகக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், போர்க்காலத் தொழில்களில் வேலை வழங்குவதில் வேற்றுமை காட்டலாகாது என்று 1941 ஜூன் 25ஆம் நாள் ஆணையிட்டார். அவ்வாணையைச் செயற்படுத்த ஒரு குழுவும் அமைந்தது. பிலடெல்பியா ஊழியர்கள் தம் வழக்கை அக்குழுவின் முன் கொண்டு சென்றனர். கறுப்பினத்தாரை ஓட்டுநர், நடத்துநர் வேலைகளில் அமர்த்துமாறு 1943ஆம் ஆண்டின் இறுதியில் குழு பணித்தது. போரில் பீரங்கி வண்டிகளை ஓட்டும் எங்களால் டிராம் வண்டியை ஓட்ட இயலாதோ என்று கேட்கும் தட்டிகளை ஏந்தி மக்கள் ஊர்வலம் வந்தனர். 1944ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடந்த சங்கத் தேர்தலில், வேற்றுமையை ஏற்காத போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் வென்றது. ஏற்கெனவே நிறுவனத்தில் பணியாற்றிய கறுப்பினத்தார் எண்மர் ஓட்டுநர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

ஆகஸ்டுத் திங்களின் முதல் வாரம்

1944 ஆகஸ்டு முதல் நாள் அவர்கள் பயிற்சி வண்டியை ஓட்ட வேண்டிய நாள். அன்று விடியற்காலை நான்கு மணியளவில் வெள்ளை ஊழியர்கள் பணிமனைகளின் வாயிலை மறித்தனர். நண்பகலுக்குள் பேருந்தும் டிராமும் இரயிலும் நின்றுவிட்டன. எட்டுப் பேர் கைப்பிடியைத் தொடலாகாது என்பதற்காக ஒரு பெருநகரமே ஓடாமல் நிறுத்தப்பட்டது. அவர்களுடைய சங்கமே வேலைக்குத் திரும்புமாறு கூறியும் கேட்டாரில்லை. கப்பல் தளத்திற்கும் படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளர் மைல் கணக்கில் நடந்தனர். ஐரோப்பாவிலும் பசிபிக்கிலும் போர் உச்சத்திலிருந்த நேரம் அது.

முந்தைய ஆண்டில் டெட்ராய்ட்டிலும் நியூயார்க்கின் ஹார்லெமிலும் குருதி சிந்தியிருந்தது. அதுபோல் இங்கும் நேருமோ என அஞ்சினர். கறுப்பின மக்கள் அமைப்புகள் துண்டறிக்கைகள் வழங்கி, சினத்தை அடக்கி அமைதி காக்குமாறு தம் மக்களை வேண்டின. தொடக்கத்தில் நிகழ்ந்த சில கைகலப்புகள் பெருங்கலவரமாய் மூளவில்லை. ஆகஸ்டு 3ஆம் நாள் ரூஸ்வெல்ட், நிறுவனத்தைப் படைத்துறையின் பொறுப்பில் எடுக்க ஆணையிட்டார். 5ஆம் நாள் ஐயாயிரம் படைவீரர் நகருக்குள் வந்தனர். வேலைக்குத் திரும்பாதவர் வேலையை இழப்பர்; கட்டாயப் படைச்சேர்க்கையிலிருந்து அவர்கள் பெற்றிருந்த விலக்கையும் இழப்பர் என்று அறிவிக்கப்பட்டது. 7ஆம் நாள் வண்டிகள் ஓடின. ஒவ்வொரு வண்டியிலும் படைவீரர் துணை நின்றனர். வேலைநிறுத்தத் தலைவர்கள் வேலையிழந்தனர். கறுப்பின ஓட்டுநர்கள் பயிற்சி முடித்து வண்டி ஓட்டலாயினர். ஆகஸ்டு 17ஆம் நாள் படை விலகியபின் பெருங்கேடு ஒன்றும் நிகழவில்லை. அவர்கள் ஓட்டிய வண்டிகளில் அதே நகர மக்கள் ஏறி, கட்டணம் செலுத்தி, தத்தம் வேலைக்குச் சென்றனர். அஞ்சியது அனைத்தும் வீண் அச்சமே எனக் காலம் காட்டிற்று.

நாம் கொள்ள வேண்டியவை

இருக்கை கிடைத்தது 1867இல். கைப்பிடி கிடைத்தது 1944இல். இடையே கழிந்தவை 77 ஆண்டுகள். முதலாவதைப் பெற்றதும் போராட்டம் முடிந்தது என அம்மக்கள் ஓய்ந்திருந்தால் இரண்டாவது கிட்டியிராது.

நம் தமிழ்நாட்டிலும் தனியார் பேருந்துகள் நம் மக்களை ஏற்ற மறுத்த காலம் இருந்தது. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக விளங்கிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் நீக்கப்படும் என ஆணையிட்டு அவ்வழக்கத்தை முறித்தார். உரிமம் அரசுடையது, சாலை பொதுமக்களுடையது. ஆகவே வண்டியில் ஏறும் உரிமையும் அனைவருக்கும் உரியது என்பதே அவ்வாணையின் உட்பொருள். நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்தில் இன்று நாம் அமர்கின்றோம். அதனை ஓட்டும் இடத்திலும், பணிமனையின் மேலாளர் நாற்காலியிலும், தடங்களையும் நேரங்களையும் வகுக்கும் அலுவலகத்திலும் நம்மவர் எத்தனை பேர் உள்ளனர் என்று ஒவ்வொரு தலைமுறையும் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

நம் இளைஞர்கள் மூன்றை நினைவிற் கொள்வார்களாக. சட்டத்தின் படியைக் கையிலேந்திச் சென்ற ஆசிரியையைப் போல, நமக்குள்ள உரிமைகளை எழுத்தில் படித்து அறிதல் ஒன்று. சங்கமாய்த் திரண்டு, மனுவும் வழக்கும் ஊர்வலமுமாக இடையறாது முயலுதல் இரண்டு. வாய்ப்பு வரும் நாளில் தொழிலறிவோடு ஆயத்தமாய் நிற்றல் மூன்று. சாலிஸ்காவில் அண்ணலை ஏற்றிச் சென்றவரிடம் அன்பு இருந்தது, துணிவும் இருந்தது. பழகிய கை மட்டும் இல்லை. அவரைப் பழக விடாத சமுதாயமே அக்குற்றத்திற்குப் பொறுப்பு. இனி வரும் நம் பிள்ளைகளின் கை பழகிய கையாய் இருக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் எழுத்தறிவித்து வருவதும், இனிச் செய்ய வேண்டுவதும் அதற்காகவே.